தோய்க்காத உடுப்பு

வியாழக்கிழமை காலை, குளியலறை மூலையில் இருந்த அழுக்குக் கூடையின் மூடியை நில்டா திறந்தாள். கூடைக்குள் ஒன்றுமில்லை. எப்போதும் அடியில் கிடக்கும் ஒற்றைக் காலுறைகூட இல்லை. டெட்டோல் மணம்தான் வந்தது.

அவள் படியிறங்கிச் சமையலறைக்குப் போனாள். மேசை நிறைய மடித்த உடுப்புகள். சேர்ட்டுகள் ஒரு அடுக்கு, காற்சட்டைகள் ஒரு அடுக்கு, பெனியன்கள் ஒரு அடுக்கு. கணவன் யோகலிங்கத்தின் அக்கா சிவனேஸ்வரி, முதல் நாள் இரவு இங்கே தங்கியவள், சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒரு கைலேஞ்சியை மினுக்கிக்கொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, இது யோகன்ர உடுப்பெல்லே?"

"ஓம் நீலா. ராத்திரி எனக்கு நித்திரை வரேல்ல. கூடைக்க கிடந்தது, கதிரையில கிடந்தது, ஆஸ்பத்திரியில பையில போட்டுத் தந்தது, அவன்ர குளிர் ஜக்கற், எல்லாத்தையும் மூண்டு தரமாப் போட்டுத் தோய்ச்சிட்டன். செத்த வீட்டில ஊத்தை உடுப்புக் கிடக்கப்படாது."

"எல்லாமோ?"

"எல்லாம். நீ ஒண்டும் யோசிக்காத."

நில்டா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபப்பட வேண்டும் போலிருந்தது. ஆனால் சிவனேஸ்வரி கைலேஞ்சியை நான்காக மடித்து, ஓரத்தை விரலால் நீவி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தாள். அதைப் பார்த்தபிறகு எதைச் சொல்வது.

யோகலிங்கம் இறந்தது முதல் நாள், புதன்கிழமை காலை. பாண் சுடும் தொழிற்சாலையில் அதிகாலை ஷிப்டில் நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்கு நில்டா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தொரு வயது. புதன் ஒன்று, வியாழன் இரண்டு, வெள்ளி மூன்று, சனி நான்கு, ஞாயிறு ஐந்து. ஐந்தாம் நாள், இறந்தவன் கடைசியாகப் போட்டுக் கழற்றிய உடுப்பை, அவனுடைய வியர்வை போகாமல் இருக்கும் உடுப்பை, ஓடுகிற தண்ணீரில் தோய்க்க வேண்டும். அந்த அழுக்கோடுதான் அவன் போவான். தோய்க்காவிட்டால் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் சேராமல் நடுவில் நிற்பான். நில்டா பிறந்த ஊரில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். லண்டன் இல்ஃபோர்டில், இந்த வீட்டில், அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் பெரு நாட்டுக்காரி. குஸ்கோ நகரத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் மலையேறினால் வரும் உருளைக்கிழங்கு ஊர். வீட்டில் பேசியது கெச்சுவா, இன்கா அரசர் காலத்திலிருந்து வாயில் புழங்கிவரும் மொழி. ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்தில் வந்தது. தமிழ் யோகலிங்கத்திடமிருந்தும் அவனோடு குஸ்கோவில் ஓர் அறையில் கிடந்த பெடியங்களிடமிருந்தும் வந்தது. அதனால் லண்டனுக்கு வந்த முதல் நாள், விமான நிலையத்தில் நின்ற சிவனேஸ்வரியைக் கட்டிப்பிடித்து, "என்ன மச்சான், சாப்பிட்டியே?" என்று கேட்டாள். இருபத்தொரு வருடமாகச் சிவனேஸ்வரி அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். நில்டா என்ற பெயரை அவள்தான் நீலா ஆக்கினாள். பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சப் பழக்கினாள். நில்டாவும் மலையில் உறைபனியில் போட்டு மிதித்துக் காயவைத்த கறுத்த உருளைக்கிழங்கைத் தபாலில் எடுப்பித்து அந்தக் கூழுக்குள் போட்டாள். யாரும் குறை சொல்லவில்லை. சிவனேஸ்வரியின் கணவர் பத்மநாதன் மட்டும், "இது கல்லோ கிழங்கோ?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் கோப்பை வாங்கினார்.

ஒன்பது வயதில் அவள் தகப்பனின் ஐந்தாம் நாளைப் பார்த்திருக்கிறாள். பெரியக்காவின் புருஷனும் அவருடைய தம்பியும் தகப்பனின் கம்பளிப் போர்வையையும் தொப்பியையும் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். கல்யாண வழியில் வந்த சொந்தம்தான் தோய்க்கலாம். மனைவியும் இரத்த உறவும் தோய்த்தால் கண்ணீர் விழும், கண்ணீர் விழுந்த உடுப்புப் பாரமாகிவிடும், அவனால் தூக்கிக்கொண்டு போக ஏலாது. தாய் ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றாள். நில்டா தாயின் பாவாடைக்குப் பின்னால் நின்று தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் கேட்டாள்.

இதையெல்லாம் வியாழக்கிழமை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்கா செய்தது பிழை என்றாகிவிடும்.

அன்று பின்னேரம் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். பக்கத்துக் குட்மேய்ஸிலிருந்து சோறும் கறியும் வந்தது. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் முதல் பத்து நிமிஷம் பேசாமல் இருந்தார்கள், பிறகு தகனத்துக்கு அடுத்த வியாழன்தான் இடம் கிடைத்திருக்கிறது என்பதைப் பேசினார்கள், பிறகு மெல்ல மெல்ல வேறு கதை வந்தது. நோர்பரியிலிருந்து வந்த நிசாந்தன் என்ற இளம் பெடியன், யோகலிங்கத்தோடு வேலை செய்தவன், நில்டாவிடம் மரியாதையாகக் கேட்டான்.

"அக்கா, மச்சு பிச்சுவுக்குக் கிட்டவோ உங்கட வீடு?"

"கிட்டத்தான். நான் போனதில்லை."

"போனதே இல்லையோ?"

"ரயிலுக்கு அவ்வளவு காசு. அது வெளிநாட்டாக்கள் போற இடம்."

"நாங்கள் போனனாங்கள், யூடியூப்பில," என்றார் பத்மநாதன். அவர் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர், கோயில் நிர்வாகத்தில் பொருளாளர். "தம்பிக்கு இவையின்ர கலியாணக் கதை தெரியாதோ? அது ஒரு காற்சட்டையால வந்த கலியாணம்."

நில்டா தரையைப் பார்த்தாள்.

"தொண்ணூற்றொன்பதில ஏஜென்ற் ஒருத்தன் இவன் யோகனையும் வேற எட்டுப் பெடியங்களையும் கனடாவுக்கு எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்ப் பெருவில இறக்கிவிட்டான். ரெண்டு கிழமை எண்டவன். எட்டு மாசம். கடைசியா ஒருநாள், விடிய அஞ்சு மணிக்கு ஏத்திக்கொண்டு போக வான் வரும், வெளிக்கிட்டு நில்லுங்கோ எண்டு தகவல் வந்தது. இவனிட்ட இருந்தது ஒரே ஒரு காற்சட்டை. அதையும் முதல் நாள் நீலாவிட்டத் தோய்க்கக் குடுத்திட்டான். நீலாதான் அந்த விடுதியில உடுப்புத் தோய்க்கிறவ. அது காயேல்ல. விடியப்புறம் அங்க பனி உறையும். போய்ப் பாத்தா, காற்சட்டை பலகை மாதிரி விறைச்சு நிக்குதாம், தம்பி. தானா நிக்குதாம். மற்றப் பெடியங்கள் எல்லாரும் கட்டை, இவன் ஆறடி. ஒருத்தன்ர காற்சட்டையும் ஏறாது. ஏஜென்ற் நிப்பானோ? வான் போட்டுது. போனதுகள் எல்லாம் இப்ப ரொறன்ரோவில வீடு வளவோட இருக்குதுகள். இவன் இன்னும் மூண்டு வருசம் அங்க கிடந்து, நீலாவைக் கட்டி, பிறகுதான் இஞ்ச வந்து சேந்தவன்."

ஆட்கள் சிரித்தார்கள். செத்த வீட்டில் சிரித்துவிட்டோமே என்று உடனே அடங்கினார்கள். எல்லாரும் நில்டாவைப் பார்த்தார்கள். இந்தக் கதைக்கு எப்போதும் சிரிப்பது போல அவளும் சிரித்தாள். யோகலிங்கம் சொல்லும்போது கடைசியில், "குஸ்கோ வெயிலுக்கே என்னைப் பிடிக்கேல்ல" என்று முடிப்பான். பத்மநாதனுக்கு அந்த வரி தெரியாது.

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு வாசற்கதவில் சாவி திரும்பும். அதிகாலை ஷிப்ட் முடிந்து அவன் வரும் நேரம். வியாழக்கிழமையும் அந்த நேரத்தில் அவளுடைய காது வாசலுக்குப் போனது. வெள்ளியும் போனது. சத்தம் கேட்டதா, கேட்டதென்று தோன்றியதா என்று அவளுக்கே நிச்சயமில்லை. கேட்டிருந்தால் அவன் வந்து வந்து கதவுக்கு வெளியே நிற்கிறான் என்று அர்த்தம்.

நடுவில் நிற்பதுதான் அவனுக்கு வாழ்க்கையில் ஒரே பயம். பாம்புக்கோ போர்க்காலத்துச் செல்லடிக்கோ அவன் பயந்து அவள் காணவில்லை. ஆனால் ரயில் இரண்டு ஸ்ரேஷனுக்கு நடுவில் நின்றால் முகம் வெளிறிவிடும். லிஃப்ட் ஏறமாட்டான். நில்டாவைக் கூப்பிடுமுன், லண்டனில் அகதி வழக்கு முடிய இரண்டு வருடம் எடுத்தது. அந்த இரண்டு வருடமும் சூட்கேஸைத் திறந்து உடுப்பை அலுமாரியில் வைக்கவில்லை என்று சிவனேஸ்வரி சொல்வாள். குஸ்கோவில், சந்தைக்குப் பக்கத்தில், இன்கா அரசர்கள் கட்டியது என்று வழிகாட்டிகள் வெள்ளைக்காரருக்குக் காட்டும் ஒரு கல்மதில் இருக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஊசி நுழையாது. அந்த மதிலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவன் நாள்முழுக்க நிற்பான். "என்ன பாக்கிறாய்?" என்று ஸ்பானிஷில் கேட்டால், "பஸ்" என்பான். அந்தத் தெருவில் பஸ் போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஒருவருக்கும் சொல்லாமல் பாண் தொழிற்சாலைக்குப் போனாள். மாவும் சூடும் கலந்த மணம் தெருவிலேயே வந்தது. மேற்பார்வையாளர் பீற்றரும் தமிழர், யோகலிங்கத்தோடு பதினொரு வருடம் வேலை செய்தவர். அவளைக் கண்டதும் தலையில் போட்டிருந்த வலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, ஒரு போன் பண்ணியிருந்தா நானே கொண்டுவந்து தந்திருப்பன்."

லொக்கருக்குள் ஒரு கோப்பை, முழங்கால் நோவுக்குப் பூசும் களிம்பு, பாதி பிஸ்கற் பக்கற், திருநீறு மடித்த ஒரு கடதாசி. அவ்வளவுதான்.

"அவற்ற வேலை உடுப்பு? வெள்ளைக் கோட்டு?"

"அதை இஞ்சயே கழட்டிப்போட்டுத்தான் அம்புலன்ஸில ஏத்தினவை. கோட்டெல்லாம் வியாழனில வான் வந்து எடுத்துக்கொண்டு போகும் அக்கா. லோன்றிக்காரர். நேத்துப் போட்டுது."

"அதைத் திருப்பி எடுக்க ஏலாதோ?"

"எண்பது கோட்டு ஒண்டாப் போட்டு நீராவியில அவிப்பாங்கள். இப்ப எது ஆரின்ர எண்டு கடவுளுக்குத்தான் தெரியும்." அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். "புதுக் கோட்டு ஒண்டு இருக்கு. நினைவுக்குத் தரட்டோ?"

"புதுசு வேண்டாம். எனக்கு ஊத்தைதான் வேணும்."

பீற்றர் லொக்கரை மூடினார். பிஸ்கற் பக்கற்றை ஒரு பைக்குள் போட்டு அவளிடம் நீட்டினார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் மனதுக்குள் வீட்டைச் சுற்றினாள். காரில் ஏதாவது கிடக்குமா? இல்லை. காருக்குள் கிடந்த மழைக்கோட்டையும் அக்கா எடுத்துவிட்டாள். தலையணை உறை? அதுவும் போய்விட்டது. அவனுடைய சப்பாத்து இருக்கிறது, ஆனால் சப்பாத்தை எப்படித் தோய்ப்பது. ஒரு மனிதன் இருபத்தொரு வருடம் இருந்த வீட்டில் அவனுடைய வியர்வை பட்ட துண்டு ஒன்றுகூட இல்லாமல் ஒரே இரவில் வழித்தெடுத்துவிட முடிகிறது. சனி ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை காலை அவளால் அதற்குமேல் பொத்தி வைக்க முடியவில்லை. பத்மநாதன் வரவேற்பறையில் தகனத்துக்கான பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இருந்து, ஐந்தாம் நாளைப் பற்றி, ஓடும் தண்ணீரைப் பற்றி, தோய்ப்பவர் யார் என்பதைப் பற்றிச் சொன்னாள்.

"நீங்கள்தான் அண்ணை. அவருக்கு நீங்கள்தான் அத்தான். வேற ஆரும் இல்லை."

பத்மநாதன் பேனையை மூடினார். "தங்கச்சி, உடம்பே இன்னும் எரிக்கேல்ல. எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவு, அதுக்குப் பிறகுதான். நீங்கள் அஞ்சாம் நாள் எண்டுறியள்."

"எங்கட ஊரில செத்த நாளில இருந்து."

"ஐயரிட்ட ஒரு வார்த்தை கேப்பமோ?"

"ஐயருக்கு இது தெரியாது அண்ணை."

"அதுவும் சரிதான்." அவர் யோசித்தார். "இஞ்ச ஆறெண்டா றோடிங் ஒண்டுதான். அதுக்குள்ள சோப்புப் போட்டா கவுன்சில்காரன் ஃபைன் போடமாட்டானோ? எனக்கு முழங்காலும் மடங்காது." ஏலாது என்று அவர் சொல்லவில்லை. ஏலாததற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் சிவனேஸ்வரி நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

"அப்ப நான் தோய்ச்சது பிழையோ?" அவள் உள்ளே வந்தாள். "வியாழனே ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் அழுதழுது மினுக்கினீங்கள், அக்கா."

"அவன்ர பள்ளிக்கூடச் சேர்ட்டுத் தோய்ச்சதும் நான்தான். கடைசியா ஒருக்காத் தோய்ப்பம் எண்டுதான்..." அவள் கதிரையில் இருந்தாள். கணவரைப் பார்த்தாள். "நீங்கள் ஏன் முழங்கால் கதை கதைக்கிறியள்? போனமாசம் கோயில் தேர் வடம் பிடிச்ச முழங்கால்தானே அது?"

பத்மநாதன் பட்டியலைப் பார்த்துக்கொண்டார்.

சிவனேஸ்வரி விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். "சேர்ட்டு ஒன்பது. ஜீன்ஸ் ரெண்டு. சாரம் மூண்டு. ஜக்கற். கைலேஞ்சி..." எண்ணிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "நீலா, அவன்ர சாம்பல் ஸ்வெட்டர் எங்க? கையில நூல் போனது? அதை நான் தோய்க்கேல்ல. அது கூடைக்குள்ள இருக்கேல்ல."

நில்டா எழும்பினாள். அந்த ஸ்வெட்டரை அவன் வீட்டில் கழற்றியதே இல்லை. செவ்வாய் இரவும் அதைப் போட்டுக்கொண்டுதான் செய்தி பார்த்தான். அதுவும் மற்றதோடு தோய்த்தாகிவிட்டது என்றே அவள் நினைத்திருந்தாள். கூடைக்குள் இல்லை, கதிரையில் இல்லை என்றால் எங்கே இருக்கும் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. மேலே, மூடியிருந்த அறைக்கு ஏறினாள்.

மகள் லக்‌ஷிகாவுக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். புதன்கிழமையிலிருந்து அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. கட்டிலில் சுவரோடு ஒட்டி, கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு இருந்தாள். போர்வைக்கு மேலே சாம்பல் நிறக் கழுத்துப்பட்டி தெரிந்தது.

"லக்‌ஷி, அதைத் தா அம்மாவுக்கு."

"மாமி பேக்கைக் கொண்டு ரூம் ரூமா வந்தவ. நான் ஒளிச்சிட்டன்." அவள் கழுத்துப்பட்டியை மூக்குவரை இழுத்தாள். "நோ. இதில அப்பா இருக்கிறார்."

"அதாலதான் கேக்கிறன்."

கட்டில் விளிம்பில் இருந்து அவள் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். கீழே சொன்னதைவிட இங்கே சொல்வது கஷ்டமாக இருந்தது. லக்‌ஷிகா கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டரின் இரண்டு பெரிய கைகளையும் இழுத்து விரல்களை உள்ளே மறைத்துக்கொண்டாள்.

"தோய்ச்சா மணம் போயிடும்."

"ஓம்."

"பிறகு எனக்கு என்ன இருக்கு? போட்டோ. வாய்ஸ் மெசேஜ், 'பால் வாங்கிக்கொண்டு வா' எண்டு." அவள் தாயை நேராகப் பார்த்தாள். "அப்பா போகவேணும் எண்டு ஆர் கேட்டது? அப்பா கேட்டவரே? நீங்கள்தான் அனுப்பப் பாக்கிறீங்கள்."

இருபத்தாறு வருடம் ஒருவருக்கும் சொல்லாத ஒன்று நில்டாவின் வாய்க்கு வந்தது. யோகலிங்கத்துக்குச் சொல்லியிருக்க வேண்டியது. இனி அவனுக்குச் சொல்ல முடியாது.

"அந்தக் காற்சட்டைக் கதை உனக்குத் தெரியும்தானே?"

"மாமா நூறு தரம் சொல்லியிருக்கிறார்."

"அது காய்ஞ்சது."

லக்‌ஷிகாவுக்கு விளங்கவில்லை.

"யூன் மாசம் குஸ்கோவில மழை இல்லை. வெயில் அடிச்சா ரெண்டு மணித்தியாலத்தில கம்பளியே காயும். அண்டைக்கு நாலு மணிக்குக் காய்ஞ்சிட்டுது. மடிச்சு வைச்சிட்டன். அப்பதான் பெடியங்கள் வந்து விடிய வான் வருகுது எண்டு சொல்லிச்சினம். சந்தோசத்தில பாட்டெல்லாம் பாடிச்சினம். உன்ர அப்பா என்னைப் பாத்து, 'ஓய் நில்டா, காற்சட்டை ரெடியோ?' எண்டு கேட்டார். ஓம் எண்டன். அவை போனபிறகு அதை எடுத்துத் திரும்பத் தண்ணிக்குள்ள அமத்தினனான். பிழியேல்ல. அப்பிடியே கயித்தில போட்டனான். பனிக்கு."

தெருவில் ஒரு வான் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு நாள் நிப்பார் எண்டுதான் நினைச்சன், மகள். ஒரே ஒரு நாள். அடுத்த வான் அடுத்த கிழமை வரும் எண்டு நினைச்சன். வரேல்ல. மூண்டு வருசம் வரேல்ல. அந்த மூண்டு வருசத்துக்குள்ள ஊரில அவற்ற அம்மா செத்தவ. கனடாவில இருந்திருந்தா கூப்பிட்டு வைத்தியம் பாத்திருப்பன் எண்டு ஒரு நாள், ஒரே ஒரு நாள், சொன்னவர்."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை. ஒவ்வொருக்கா அவர் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கேக்கையும், இண்டைக்குச் சொல்லுவம் எண்டு நினைப்பன்."

"பிறகு?"

"பிறகு தேத்தண்ணி போட எழும்பிப் போயிடுவன்."

லக்‌ஷிகா போர்வையில் விரலால் கோடு இழுத்தாள். ஏதோ கணக்குப் பார்ப்பது போலிருந்தாள்.

"அண்டைக்கு அவர் போயிருந்தா, நான் இல்லை."

"ஓம்."

"நீங்கள் அதை நினைச்சுப் பாக்கேல்லையோ?"

"ஒவ்வொரு நாளும் நினைக்கிறன். அதாலதான் வாய் திறக்கேல்ல. நீ பிறந்தபிறகு அதைப் பிழை எண்டு சொல்லவும் ஏலாது, சரி எண்டு சொல்லவும் ஏலாது." நில்டா மகளின் முழங்காலைத் தொட்டாள். "அவரை நான் ஒருக்கா நடுவில நிப்பாட்டினனான். ரெண்டாம் தரமும் நிப்பாட்ட ஏலாது. அவருக்கு அது எவ்வளவு பயம் எண்டு உனக்குத் தெரியும். லிஃப்டுக்குள்ளயே நிக்கமாட்டார்."

லக்‌ஷிகா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நாளைக்குப் பாப்பம்" என்றாள். தாய் மேலும் பேசப்போனபோது, "அம்மா, பிளீஸ்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு நில்டா கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே நின்றாள். கையில் ஒன்றுமில்லை. மேலே அறைக்கதவு மூடியிருந்தது. தட்டவில்லை. தட்டி வாங்கிய உடுப்பைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று இரவு முழுக்க யோசித்திருந்தாள். எட்டேகாலுக்குப் பத்மநாதன் காரோடு வந்தார். கோயிலுக்குப் போவது போலக் குளித்துத் திருநீறு பூசியிருந்தார். சிவனேஸ்வரி பின் சீற்றில் இருந்து ஒரு சன்லைட் கட்டியைக் காட்டினாள்.

"இதுதான் நல்ல சவர்க்காரம். பவுடர் ஆத்துக்குக் கூடாது எண்டு நெற்றில போட்டிருக்கு."

"ஸ்வெட்டர் எங்க?" என்று பத்மநாதன் கேட்டார்.

நில்டா மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு இருபத்தைந்து. எட்டரை. பத்மநாதன் எஞ்சினை நிறுத்தினார். பிறகு படியில் காலடி கேட்டது. லக்‌ஷிகா வந்தாள். கோட்டுக்குள்ளே ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். ஒருவரையும் பார்க்காமல் காரில் ஏறி ஜன்னல் பக்கம் இருந்தாள். அவள் அதைத் தரத்தான் வருகிறாளா, போட்டுக்கொண்டே திரும்பத்தான் வருகிறாளா என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

வான்ஸ்டெட் பக்கம் றோடிங் ஆறு பற்றைகளுக்கு நடுவே ஓடும் ஒரு இடத்தைப் பத்மநாதன் முதல் நாள் பின்னேரமே போய்ப் பார்த்து வைத்திருந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஒற்றையடிப் பாதையால் இறங்கினால் சின்னக் கற்கள் பரவிய கரை. தண்ணீர் முழங்காலளவு, ஆனால் ஓடியது. அதுதான் வேண்டும். தூரத்தில் நோர்த் சேர்குலர் வீதியின் இரைச்சல் நிற்காமல் கேட்டது. பத்மநாதன் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, காற்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் கால் வைத்து, "சிவ சிவா" என்று மூச்சை இழுத்தார்.

நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரர் நின்று பார்த்தார். "குட் மோர்னிங்," என்றார் பத்மநாதன், ஆற்றுக்குள் நிற்பது தினமும் செய்கிற வேலை போல. அந்த மனிதர் தலையாட்டிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனார்.

நில்டா ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றாள். கைகளைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டாள். முன்னால் முட்பற்றையும் அதில் சிக்கிய ஒரு பிளாஸ்ரிக் பையும்தான் தெரிந்தன. பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. லக்‌ஷிகா கரையில் நிற்கிறாளா, திரும்பிக் காருக்குப் போய்விட்டாளா? ஒரு நிமிஷம் போனது. இன்னொன்று போனது. தண்ணீர்ச் சத்தம் மாறவில்லை. அவள் திரும்பிப் பார்க்கக் கூடாது.

கோட்டின் சிப் இறங்கும் சத்தம் கேட்டது.

"மாமா, இந்தாங்கோ," என்றாள் லக்‌ஷிகா. பிறகு, "வெயிற், ஒரு செக்கன்." அவள் அதை முகத்தில் வைத்து மூச்சிழுப்பது நில்டாவுக்குக் கேட்டது. ஒருமுறை. பிறகு இன்னொருமுறை, நீளமாக.

தண்ணீருக்குள் துணி விழுந்தது.

"கையை விடாதேங்கோ, அள்ளிக்கொண்டு போயிடும்," என்று சிவனேஸ்வரி மேலே பாதையிலிருந்து கத்தினாள். தானும் இரத்த உறவு என்று அவள் தள்ளியே நின்றாள். "முப்பத்தைஞ்சு வருசத்தில என்ர ஒரு சீலை தோய்ச்சுத் தந்ததில்லை இந்த மனிசன். எப்பிடித் தேய்க்கிறது எண்டு தெரியுமோ?"

"வாயை மூடு, இவளே. பாத்துக்கொண்டுதானே இருக்கிறாய்."

சவர்க்காரம் துணியில் உரசும் சத்தம் கேட்டது. ஒழுங்கில்லாமல், விட்டுவிட்டு. ஒரு தரம் அலசினார். யோகலிங்கம் இப்போது எங்கே நிற்கிறான்? கரையிலா, தண்ணீரிலா? அரைகுறையாகத் தோய்த்தால் அரைவழியில் நிற்பானா? இதைத் தாயிடம் கேட்டு வைத்திருக்கலாம். ஒன்பது வயதில் கேட்கத் தோன்றவில்லை.

"லக்‌ஷி," என்றாள், திரும்பாமல். "தண்ணி என்ன நிறமாப் போகுது?"

கரைக் கற்கள் நகரும் சத்தம் கேட்டது.

"கலங்கலா. மண்ணிறமா." மகளின் குரல் ஆற்றுக்கு மிகக் கிட்டவிருந்து வந்தது. அவள் குந்தியிருக்க வேண்டும். அவளைத் தள்ளி நிற்கச் சொல்ல நில்டாவுக்கு மனம் வரவில்லை. "மாமா, அவ்வளவுதானோ?"

"ஓம் பிள்ளை, ஊத்தை எல்லாம் போட்டுது. கை விறைக்குது."

"இல்லை மாமா. கழுத்துப்பட்டியில இன்னும் இருக்கு. பின் கழுத்தில. அதில அப்பாவுக்கு எப்பவும் வேர்க்கும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அதை இன்னொருக்கா நல்லாத் தேயுங்கோ."

பத்மநாதன் பெருமூச்சு விட்டார். சவர்க்காரம் மறுபடியும் துணியில் உரசத் தொடங்கியது.